கவுண்டரில் நின்றவர்களுக்கும் அன்றுதான் தெரியும்

2023 அக்டோபர் 12, வியாழக்கிழமை. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. அன்று பொழுது விடிவதற்குள் மைஏர்லைன் விமான நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடுமையான நிதி நெருக்கடி, பங்குதாரர் மாற்றமும் புதிய முதலீடும் இன்னும் கைகூடவில்லை, ஆகவே இன்று முதல் மறு அறிவிப்பு வரும்வரை சேவை நிறுத்தப்படுகிறது. சாரம் இவ்வளவுதான். 2022 டிசம்பர் 1ஆம் தேதி பறக்கத் தொடங்கிய நிறுவனம் முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்கவில்லை.

காலை நேரத்தில் வானொலியில் வேலை செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட செய்தி, செய்தி அறையிலிருந்து வருவதற்கு முன்பே நேயர்களிடமிருந்து வந்துவிடும். அன்றும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் குவிந்தன. கூச்சிங்கில் மகள் படிக்கிறாள், தீபாவளிக்கு அழைத்து வர டிக்கெட் போட்டிருந்தேன் என்றார் ஓர் அப்பா. லங்காவி ஹோட்டலுக்குக் கட்டிய முன்பணம் என்னாவது என்று கேட்டார் இன்னொருவர். பாதிக்கப்பட்ட பயணிகள் ஏறக்குறைய 1 லட்சத்து 25 ஆயிரம் பேர், டிக்கெட் பணம் ஏறக்குறைய 2 கோடி ரிங்கிட் என்று பிறகு போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் தெரிவித்தார்.

வந்தவை எல்லாம் பயணிகளின் குரல்கள். ஊழியர் ஒருவர்கூடப் பேசவில்லை. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த பிறகு எனக்கு உறுத்தியது அதுதான். டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு பயணம் போகும். அந்தச் சீருடையைப் போட்டவருக்கு?

அதன் பிறகு விமானத் துறையில் வேலை போனவர்களைத் தேடிப் பேசத் தொடங்கினேன். இங்கே மூன்று பேரைப் பற்றி எழுதுகிறேன். மூவரும் வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் வேலை இழந்தவர்கள். பெயரும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம் என்பது மூவரும் போட்ட ஒரே நிபந்தனை. விமானத் துறை பார்க்கத்தான் பெரிது. உள்ளே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அடுத்த நேர்முகத் தேர்வில் எதிரே உட்காருபவர் பழைய மேலாளராகவே இருக்கலாம்.

முதலில், இது ஏன் இவ்வளவு திடீரென்று நடக்கிறது?

கூட்டுப் பணம் பிடிக்கும் அக்காமார்களுக்கு இது உடனே புரியும். பத்துப் பேர் மாதம் மாதம் கட்டும் பணம் ஒருவர் கையில் இருக்கிறது. அவருக்குக் கஷ்டம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். மறுநாள் காலையில் பத்துப் பேரும் வாசலில் நிற்பார்கள். கஷ்டம் உண்மையா பொய்யா என்பது அதற்குப் பிறகு ஒரு பொருட்டே இல்லை.

விமான நிறுவனமும் அப்படித்தான். நாம் மார்ச் மாதப் பயணத்துக்கு அக்டோபரிலேயே பணம் கட்டிவிடுகிறோம். அந்தப் பணத்தில்தான் இன்றைய எரிபொருளும் இன்றைய சம்பளமும் போகின்றன. நிறுவனம் தள்ளாடுகிறது என்று செய்தி கசிந்தால் டிக்கெட் விற்பனை அன்றே படுத்துவிடும். கடன் அட்டைப் பணத்தை வங்கி விடுவிக்காமல் பிடித்து வைக்கும். எரிபொருள் நிறுவனம் கைமேல் காசு கேட்கும். விமானத்தை வாடகைக்கு விட்டவர் சாவியைக் கேட்பார். ஆக, நிர்வாகத்தின் கணக்குப்படி, கடைசி இரவு வரை எல்லாம் நலம் என்று சொல்வதுதான் உயிர் தப்ப ஒரே வழி. முதலீட்டாளர் ஒருவர் நாளை கையெழுத்துப் போடுவார் என்ற நம்பிக்கையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும்.

இந்தக் கணக்கில் ஊழியர்கள் எங்கே வருகிறார்கள்? ஊழியரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். எனவே கடைசியில் அவர்களிடம்தான் சொல்லப்படுகிறது. பல நேரங்களில் பயணிக்கு வந்த அதே அறிக்கை, அதே கைப்பேசியில், அதே நிமிடம்.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு, மறைக்கவில்லை. வியாபார ரகசியம் காக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் சம்பளம் தாமதமாகும் மாதத்தில்கூட "நாம் ஒரு குடும்பம்" என்று ஊழியர்களுக்குச் செய்தி அனுப்புகிறார்களே, அந்தச் சொல்லையாவது விட்டுவிடலாம்.

"சீருடையைப் பார்த்துத்தான் திட்டுவாங்க"

முதலாமவர் நீலாய்க்காரர். வயது 27. பயணிகளைப் பதிவு செய்யும் கவுண்டரில் வேலை. அவர் நிறுவனம் நின்றபோது அவருக்கு அதிகாலைப் பணி. வேலைக்குப் போகும் வழியிலேயே குழுச் செய்தி வந்துவிட்டது.

"திரும்பிப் போயிருக்கலாம்க்கா. யாரும் வரச் சொல்லவும் இல்ல, வரவேண்டாம்னும் சொல்லல. ஆனா அங்க ஜனங்க வந்துட்டிருப்பாங்களேன்னு போனேன்."

போனார். சீருடையோடு. பயணிகள் சூழ்ந்துகொண்டார்கள். பணத்தை எப்போது தருவீர்கள், உன் மேலாளரைக் கூப்பிடு, படம் பிடித்துப் போடட்டுமா. அவருக்கே எதுவும் தெரியாது. கணினியில் உள்ளே நுழைய முடியவில்லை, கடவுச்சொல் முடக்கப்பட்டிருந்தது. ஒரு முதிய தம்பதிக்கு வேறு நிறுவனத்தின் கவுண்டரைக் காட்டி, தன் கைப்பேசியிலேயே அவர்களுக்கு மாற்று டிக்கெட் தேடிக் கொடுத்தார். மத்தியானம் வரை அப்படியே நின்றிருக்கிறார்.

"யாராச்சும் ஒருத்தர் உனக்குச் சம்பளம் வந்துச்சான்னு கேட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு மலாய் மக்சிக் கேட்டாங்க. வர்றப்போ நாசி லெமாக் ஒரு பொட்டலம் கையில திணிச்சிட்டுப் போனாங்க. அப்பதான்க்கா அழுகை வந்துச்சு."

முந்தைய மாதச் சம்பளம் அவருக்கு வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று பிறகு தெரிந்தது. சம்பளச் சீட்டில் சேமநிதிக்கென்று மாதாமாதம் பிடித்திருந்தார்கள். இபிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தால் சில மாதங்களாக அது போய்ச் சேரவே இல்லை. முதலாளி அந்தந்த மாதப் பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். அது சட்டம். பிடித்த பணத்தைச் செலுத்தாமல் விடுவது குற்றம். ஆனால் நம்மில் எத்தனை பேர் மாதம் ஒருமுறை அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கிறோம்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இது விமானத் துறைக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. உங்கள் வீட்டில் யார் வேலை செய்கிறார்களோ அவர்களுக்கும் பயன்படும்.

"நிறுத்தி வைப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். மூடிவிட்டோம் என்று நிறுவனம் சொல்வதில்லை. தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்கிறது. கேட்க மென்மையாக இருக்கிறது. ஊழியருக்கு அதுதான் வலை. பணிநீக்கக் கடிதம் வராதவரை ஏட்டில் நீங்கள் இன்னும் ஊழியர். சம்பளம் மட்டும் வராது. வாடகை, காடித் தவணை, பிள்ளையின் பால்மாவு எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது, அலுத்துப்போய் நீங்களே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். அந்தக் கடிதம்தான் உங்கள் கையிலிருந்து பலவற்றைப் பறித்துவிடும்.

எப்படி என்று சொல்கிறேன். சொக்சோவின் கீழ் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் ஒன்று இருக்கிறது. எஸ்ஐபி என்பார்கள். 2018 முதல் நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 0.2 விழுக்காடும் அதற்குப் போகின்றன. வேலை போனால் ஆறு மாதம் வரை தொகை கிடைக்கும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. மூவாயிரம் ரிங்கிட் சம்பளக்காரர் ஆறு மாதமும் வேலை தேடினால் மொத்தம் 8,100 ரிங்கிட். இடையிலேயே வேலை கிடைத்துவிட்டால் மீதித் தொகையில் நான்கில் ஒரு பங்கை ஊக்கத் தொகையாகத் தருவார்கள். கணக்கில் கொள்ளப்படும் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து அது 6,000 ரிங்கிட்.

இது சொந்த விருப்பத்தில் ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. வேலை போன 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். நிறுவனம் திரும்ப எழுந்துவிடும் என்ற வதந்தியை நம்பிக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

முதல் தடவை கோருபவர் முந்தைய 24 மாதங்களில் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. படிப்பு முடித்து நேராகப் புதிய விமான நிறுவனத்தில் சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நிறுவனமே பத்து மாதம்தான் பறந்திருக்கிறது என்றால் அவர்கள் எங்கே பன்னிரண்டு மாதம் கட்டியிருப்பார்கள்?

ஆட்குறைப்பு இழப்பீட்டிலும் இதே சிக்கல்தான். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். ஆனால் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அவருடைய வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். விமானிகள், மூத்த பொறியாளர்கள் இதில் அடங்குவர். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களை யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் பேசியவர்களில் ஒருவரும் படிக்கவில்லை.

நீலாய்ப் பெண் ராஜினாமா எழுதவில்லை. அவர் அப்பா தடுத்துவிட்டார். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவராம். "கையெழுத்துப் போடாதம்மா, அவன் அனுப்பட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், பணி அட்டவணைப் படங்கள் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுத் தொழிலாளர் இலாகாவுக்குப் போனார்கள். அங்கே சம்பள பாக்கிக்குப் புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. ஆள் நேரில் போனால் போதும். வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் அவருடைய மேலாளர்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"வாங்க போங்கன்னு பேசிக்கிட்டோம்க்கா. அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. எனக்கு முன்னாடியே அவருக்குச் சம்பளம் நின்னுருச்சாம். எங்கள்ட்ட சொல்லல."

சட்டம் கையில் இருந்தாலும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி மீதி இருக்கிறது. ஒரு தொழிற்சாலை திவாலானால் நிலம் இருக்கும், இயந்திரம் இருக்கும், விற்றுச் சம்பளம் கொடுக்கலாம். மலிவுக் கட்டண விமான நிறுவனத்தில் கண்ணுக்குத் தெரியும் பெரிய சொத்து விமானம். அதுவோ வாடகைக்கு எடுத்தது. சொந்தக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மிஞ்சுவது மேசை, நாற்காலி, கணினி, விற்றுத் தீராத தின்பண்டப் பெட்டிகள்.

லங்காவியில் ஒரு பெயர்

இதை எழுதும்போது ராயானி ஏர் நினைவுக்கு வராமல் இருக்காது. நம்மவர்கள் பலர் மறந்திருப்பார்கள். 2015 டிசம்பரில் லங்காவியைத் தளமாகக் கொண்டு பறக்கத் தொடங்கிய நிறுவனம். இஸ்லாமிய நெறிக்கேற்ற முதல் மலேசிய விமான நிறுவனம் என்று உலகச் செய்தியானது. அதைத் தொடங்கியவர்கள் ரவி, கார்த்தியாயினி என்ற இந்தியத் தம்பதி. இருவர் பெயரையும் இணைத்துத்தான் ராயானி. 2016 ஏப்ரலில் விமானிகள் வேலை நிறுத்தம், சேவை முடக்கம். ஜூன் மாதம் உரிமம் பறிபோனது. ஆறே மாதம். அப்போதும் தலைப்புச் செய்திகள் முதலாளிகளைப் பற்றியும், சீருடையில் இருந்த முக்காட்டைப் பற்றியும், பயணிகளைப் பற்றியும்தான். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒரு வரிகூட நான் படித்த நினைவில்லை.

இரண்டாமவர் டெங்கில்காரர். 56 வயது. விமானப் பராமரிப்புப் பொறியாளர். 2015இல் ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, இரண்டு தடவை வேலை போனவர். 2014இல் இரண்டு விமானங்களைப் பறிகொடுத்த பிறகு மலேசியா ஏர்லைன்ஸ் சீரமைக்கப்பட்டதும், ஏறக்குறைய 20,000 ஊழியர்களில் 6,000 பேருக்கு இடமில்லாமல் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் சிப்பாங் வட்டாரத்தில் பொறியாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலை தேடினார்கள் என்கிறார். அவருக்கு இதெல்லாம் பழகிவிட்டது போலப் பேசினார். பழகவில்லை என்பது பேச்சின் நடுவில் தெரிந்தது.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு முற்றிலும் புதிது. நிறுவனம் நின்ற பிறகும் சிலருக்கு வேலை நிற்காது.

"விமானம்னா காடி மாதிரி இல்லம்மா, நிறுத்திட்டுப் பூட்டிட்டுப் போக. இன்ஜின் வாயை மூடணும், உணர்கருவி ஓட்டையெல்லாம் அடைக்கணும், இல்லன்னா குளவி கூடு கட்டிடும். சக்கரத்தை அப்பப்ப உருட்டி வைக்கணும். நாள் கணக்குப்படி ஒவ்வொண்ணும் செக் பண்ணி எழுதணும்."

எழுதுவதுதான் முக்கியம். ஒரு விமானத்தின் ஒவ்வோர் உறுப்பும் எப்போது மாற்றப்பட்டது, எத்தனை மணி நேரம் பறந்தது, யார் கையெழுத்திட்டார் என்ற பதிவுகள் முழுமையாக இருந்தால்தான் சொந்தக்காரர் அதை வேறு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட முடியும். பதிவில் ஓட்டை இருந்தால் அந்த விமானத்தின் மதிப்பே விழுந்துவிடும். அதனால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பொறியாளர்கள் சிலரை மட்டும் இருங்கள் என்பார்கள். சம்பளம்? பிறகு பார்க்கலாம் என்பார்கள். அண்ணன் அப்படி ஐந்து வாரம் வேலை பார்த்தார்.

"எதுக்குண்ணே பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"என் கையெழுத்து இருக்குல்ல அந்தப் புத்தகத்துல. அரைகுறையா விட்டுட்டு வர முடியுமா?"

ஐந்து வாரத்தில் இரண்டு வாரத்துக்கான பணம் வந்தது. விமானத்தின் சொந்தக்காரர் அனுப்பிய ஆட்கள் வந்து, பெட்டி பெட்டியாகக் கோப்புகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நிறுவனத்தின் சின்னத்தை வெள்ளைச் சாயம் பூசி மறைத்தார்கள். கடைசி விமானம் புறப்பட்டபோது ஓடுபாதையைப் பார்த்த வேலி ஓரம் நாலைந்து பேர் நின்று கையசைத்தார்களாம். வழக்கமாகத் தரை ஊழியர்கள் கையசைத்து அனுப்புவார்கள் அல்லவா, அந்தப் பழக்கம்.

அவரைப் போன்ற உரிமம் பெற்ற பொறியாளர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. கவுண்டர் ஊழியர்களுக்கு அப்படி இல்லை. யாரும் எண்ணாத இன்னொரு கூட்டமும் உண்டு. பணிக்குழுவினரை வீட்டிலிருந்து ஏற்றிவரும் வேன் ஓட்டுநர்கள், இருக்கைகளுக்கு இடையில் குப்பை பொறுக்கும் துப்புரவுப் பெண்கள், பெட்டி தூக்குபவர்கள். இவர்கள் துணைக் குத்தகை நிறுவனங்களின் ஆட்கள். விமான நிறுவனம் நின்றால் இவர்களுடைய வேலையும் நிற்கும். ஆனால் எந்த அமைச்சரின் பட்டியலிலும் இவர்கள் வருவதில்லை. சாலாக் திங்கி, பந்திங் பக்கத்துத் தாமான்களில் இப்படி வேன் ஓட்டும் நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூரில் 2025 ஜூன் 11ஆம் தேதி ஜெட்ஸ்டார் ஏசியா மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பறந்த நிறுவனம். பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் நம்மில் பலர் அதில்தான் வந்து போயிருப்போம். 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள். சில விநியோகச் செலவுகள் 200 விழுக்காடு வரை ஏறிவிட்டன, விமான நிலையக் கட்டணமும் உயர்ந்துவிட்டது, போட்டி தாங்கவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அங்கேயும் அறிவிப்பு ஊழியர்களுக்கு இடிதான். ஆனால் கடைசி விமானம் பறந்தது ஜூலை 31ஆம் தேதி. இடையில் ஏழு வாரம். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு வாரச் சம்பளம், ஊக்கத் தொகை, நன்றித் தொகை என்று அறிவித்தார்கள். ஆட்களை எடுத்துக்கொள்ள மற்ற விமான நிறுவனங்கள் முன்வந்தன. ஊழியர்கள் பயணிகளிடம் விடைபெற்றார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம் என்று முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டிலோ சட்டத்திலேயே நாள் கணக்கு எழுதி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் ஏட்டில் எழுதியது கைக்கு வராத ஊழியர்கள் இங்கேதான் அதிகம். வேறுபாடு சட்டத்தில் இல்லை. ஜெட்ஸ்டார் ஏசியாவின் பின்னால் குவாண்டாஸ் என்ற பெரிய பங்குதாரர் இருந்தார். பெட்டியில் காசு இருக்கும்போதே கடையைச் சாத்த முடிவெடுத்தார்கள். இங்கே சின்ன நிறுவனங்கள் பெட்டி காலியான பிறகும் ஓடிப் பார்க்கின்றன.

அப்படியானால் உரிமம் கொடுக்கும்போதே, ஊழியர்களின் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னால் என்ன? பயண முகவர்களிடமும் வேலை முகவர்களிடமும் பிணைத்தொகை வாங்குகிறோம். டெங்கில் அண்ணனிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "அந்தக் காசு இருந்தா அவன் இன்னொரு விமானம் எடுத்திருப்பான்" என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் எனக்கு இது செய்யக்கூடிய காரியமாகவே படுகிறது.

மூன்றாவதாக நான் பேசியது வேலை இழந்தவரிடம் அல்ல, அவருடைய அம்மாவிடம். கூலிம்காரர். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டு வேலை. கணவர் லாரி ஓட்டுநர். மகன் துணை விமானி.

விமானி ஆவதற்கான பயிற்சிச் செலவு மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். வீட்டை அடகு வைத்தார்கள். அவருடைய சேமநிதியிலிருந்து கல்விக்கென்று எடுத்தார்கள். நகை போனது. மகன் சீருடை போட்டுக் கோயிலுக்கு வந்த அன்று ஊரே திரும்பிப் பார்த்ததாம். ஒன்றரை ஆண்டு பறந்தான். பிறகு நிறுவனம் நின்றுவிட்டது.

விமானிக்கு வேலை போவதில் இன்னொரு கொடுமை உண்டு. அவருடைய திறமைக்கு நாள் கணக்கு இருக்கிறது. பயணிகளை ஏற்றிப் பறக்க, கடந்த 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை மேலேற்றி இறக்கியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பாவனைக் கூண்டில் தேர்வு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுவனத்தில் இருக்கும்வரை இதெல்லாம் அவர்கள் செலவு. வெளியே வந்தால் கைக்காசு. கொஞ்ச மணி நேரம் மட்டுமே பறந்திருக்கும் இளைஞன், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

"அவன் கிராப் ஓட்டினான்ம்மா, எட்டு மாசம்" என்றார் அந்த அம்மா. "ராத்திரி வந்து அந்தப் புத்தகங்களை எடுத்து வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். படிக்கிறானா, சும்மா பார்த்துக்கிட்டு இருக்கானான்னு எனக்குத் தெரியல. கேக்கவும் பயம்."

"கடன்?"

"லோன்காரனுக்கு விமானம் பறக்குதா பறக்கலையான்னு என்ன கவலை? அஞ்சாம் தேதி ஆனா எடுத்துருவான். நான் ஓவர்டைம் போட்டேன். அவங்க அப்பா ஓய்வெடுக்கிற வயசு, இன்னும் லாரி ஓட்டுறாரு."

உறவினர்கள் கேட்ட கேள்விகளைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. பைலட் தம்பி இப்போ எந்த நாட்டுல? கல்யாணப் பேச்சு ஒன்று வந்து, வேலை போனது தெரிந்ததும் நின்றுவிட்டது. அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. "நல்லதுதான், அவங்க சம்பளத்தைத்தான் கட்டியிருப்பாங்க" என்றார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு மகனுக்கு வெளிநாட்டில் ஒரு நிறுவனம் கிடைத்தது. சரக்கு விமானம், இரவுப் பணி. நான் கூலிம் போன அன்று அவர் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே மகனின் படம் இருந்தது, பழைய நிறுவனத்தின் சீருடையில். புதிய சீருடையில் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். இன்னும் ஆறு மாதம் போகட்டும் அம்மா என்றானாம்.

நீலாய்ப் பெண் இப்போது வேறொரு நிறுவனத்தின் கவுண்டரில் நிற்கிறார். பழைய சம்பள பாக்கியில் ஒரு ரிங்கிட்கூட இன்னும் வரவில்லை, வழக்கு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 16ஆம் தேதி காலையில், பசியாறை முடித்ததும், முதல் வேலையாக இபிஎஃப் கணக்கைத் திறந்து பார்க்கிறாராம். அவரைப் பார்த்து அதே கவுண்டரில் இன்னும் நான்கு பேர் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.